சோறும் வைக்கோலும்: உயிர் மூலக்கூறுகளைப் படிக்கத் தொடங்கும் உயர்தர மாணவருக்கு

தரம் 12 உயிரியலில் இரண்டாவது அலகைத் திறந்ததும் பெயர்கள் படையாக வந்து நிற்கும். ஒருசக்கரைட்டு, இருசக்கரைட்டு, பல்சக்கரைட்டு, அமைலோசு, அமைலோபெக்ரின், கிளைக்கோசன், கைற்றின். சாதாரண தரத்தில் நான்கு சொல்லில் முடிந்த பாடம் இங்கே நாற்பது சொல்லாக விரிகிறது. மட்டக்களப்பில் நான் மாலை வகுப்பெடுக்கும் பிள்ளைகளில் பலர் இந்த இடத்தில்தான் யோசிப்பதை நிறுத்திவிட்டுப் பாடமாக்கத் தொடங்குகிறார்கள்.

நானும் அப்படித்தான் தொடங்கினேன். முதலாம் தவணைப் பரீட்சையில், சீனிக் கரைசலுடன் பெனடிக்ற் கரைசல் சேர்த்துச் சூடாக்கினால் என்ன அவதானிப்பீர்கள் என்று கேட்டிருந்தார்கள். பாடப்புத்தகம் வெல்லம் என்று சொல்லும் இனிப்புப் பொருள்களுக்குப் பெனடிக்ற் சோதனை என்று பாடமாக்கியிருந்தேன். சீனியும் வெல்லம்தானே என்று நினைத்து, செங்கட்டிச் சிவப்பு வீழ்படிவு என எழுதினேன். விடை பிழை. ஏன் பிழை என்பது எனக்கு விளங்க இன்னும் இரண்டு தவணை போனது. உங்களுக்கு அந்த இரண்டு தவணையும் மிச்சமாக வேண்டும்.

கொப்பி ஒன்று, பென்சில், பாமசியில் ஒரு சிறு போத்தல் அயடீன், வீட்டுக் குசினி. இவ்வளவும் இருந்தால் தொடங்கலாம்.

முதலாம் படி: தண்ணீரைக் கணக்கெடுங்கள்

ஒரு குளுக்கோசு மூலக்கூறில் காபன் 6, ஐதரசன் 12, ஒட்சிசன் 6. இரண்டு குளுக்கோசைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் கூட்டினால் 12, 24, 12 வரும். ஆனால் அவை இரண்டும் சேர்ந்து உருவாகும் மோல்ற்றோசில் இருப்பதோ 12, 22, 11. குறைந்தவை இரண்டு ஐதரசனும் ஓர் ஒட்சிசனும், அதாவது ஒரு நீர் மூலக்கூறு. சேரும்போது ஒரு நீர் வெளியேறினால் அது ஒடுங்கல் தாக்கம். அந்தப் பிணைப்பை உடைக்க அதே நீரைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், அது நீர்ப்பகுப்பு. சமிபாடு என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி இந்த நீர்ப்பகுப்புத்தான்.

இதை வாசித்துவிட்டுக் கடந்து போகாதீர்கள். 100 குளுக்கோசு கிளையில்லாமல் ஒரே சங்கிலியாக இணைந்தால் எத்தனை நீர் வெளியேறும்? நூறு என்று எழுதுகிறவர்கள் ஒவ்வொரு வருடமும் இருக்கிறார்கள். நூறு பேர் வரிசையில் நின்று கைகோத்தால் கோத்த இடங்கள் 99தான். ஆகவே நீரும் 99. இப்போது அந்தச் சங்கிலியின் அணுக்களை எண்ணுங்கள்: காபன் 600, ஐதரசன் 1002, ஒட்சிசன் 501. இந்த மூன்று எண்ணையும் விடையைப் பார்க்காமல் நீங்களாகவே எடுத்துவிட்டால் இந்த அலகில் பாதி உங்கள் கையில். புரதத்துக்கும் கொழுப்புக்கும் நியூக்கிளிக் அமிலத்துக்கும் இதே கணக்குத்தான் திரும்பத் திரும்ப வரப்போகிறது.

இரண்டாம் படி: சீனியும் வெல்லமும் ஒன்றல்ல

பாடப்புத்தகத்தில் வரும் "வெல்லம்" என்ற சொல் கரையக்கூடிய இனிப்பான ஒருசக்கரைட்டு, இருசக்கரைட்டு எல்லாவற்றுக்கும் பொதுப்பெயர். கடையில் கிலோக்கணக்கில் வாங்கும் சீனி அவற்றுள் ஒன்றேயொன்று: சுக்குரோசு. வீட்டில் சர்க்கரை என்று சொல்லும் கருப்பட்டியிலும் பெரும்பங்கு அதுதான். இந்த வேறுபாட்டைக் கொப்பியின் முதல் பக்கத்திலேயே எழுதிவையுங்கள். என்னுடைய பிழை தொடங்கிய இடம் இது.

ஒருசக்கரைட்டில் ஆறு காபன் கொண்ட மூன்றை மட்டும் இப்போதைக்கு வைத்துக்கொள்ளுங்கள்: குளுக்கோசு, பிரக்ரோசு, கலக்ரோசு. மூன்றுக்கும் அணு எண்ணிக்கை ஒன்றே, அடுக்கிய விதம்தான் வேறு. குளுக்கோசு இன்னொரு குளுக்கோசோடு சேர்ந்தால் மோல்ற்றோசு. முளைக்கும் தானியத்தில் இருப்பது. பிரக்ரோசோடு சேர்ந்தால் சுக்குரோசு. அம்பாறை மாவட்டத்து ஹிங்குரானையில் கரும்பைப் பிழிந்து எடுப்பது இதைத்தான். கலக்ரோசோடு சேர்ந்தால் இலக்ரோசு. பாலில் உள்ள வெல்லம். தேன் இந்த மூன்று இருசக்கரைட்டிலும் சேராது. பூவில் கிடைத்த சுக்குரோசைத் தேனீயின் நொதியம் உடைத்துவிடுவதால், தேனில் பெரும்பாலும் குளுக்கோசும் பிரக்ரோசும் தனித்தனியாகவே இருக்கின்றன.

ஓர் எச்சரிக்கை. இந்த வெல்லங்களும் மாப்பொருளும் அடங்கும் காபோவைதரேற்று என்றால் ஐதரசனும் ஒட்சிசனும் இரண்டுக்கு ஒன்று என்ற விகிதத்தில் இருக்க வேண்டும் என்று படித்திருப்பீர்கள். அதை வரைவிலக்கணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வினாகிரியில் உள்ள அசற்றிக் அமிலத்தில் காபன் 2, ஐதரசன் 4, ஒட்சிசன் 2. விகிதம் சரி, ஆனால் அது காபோவைதரேற்று இல்லை. மறுபுறம் டி.என்.ஏ.யில் உள்ள டீஒட்சிரைபோசு வெல்லம்தான், ஆனால் அதில் ஒட்சிசன் ஒன்று குறைவு. பல்தேர்வு வினாக்களில் இந்த இடத்தில் வழுக்கி விழுவது சுலபம்.

மூன்றாம் படி: வயல் வட்டைக்குப் போய் வாருங்கள்

இந்தப் பாடத்தின் மிக அழகான பகுதி என்று நான் நினைப்பது இது. அதனால் இங்கே சற்று நிற்கப் போகிறேன்.

பெரும்போக வேளாண்மை வெட்டு முடிந்த கையோடு படுவான்கரைப் பக்கம் போனால், வவுணதீவிலும் கொக்கட்டிச்சோலையிலும் நெல் மூட்டையாக ஒரு பக்கம், வைக்கோல் இன்னொரு பக்கம் கிடக்கும். கொஞ்ச நாளில் மாடும் எருமையும் அந்த வட்டைக்குள் இறங்கும். ஒருமுறை வகுப்பில் ஒரு தங்கச்சி கேட்டாள்: "அக்கா, மாடு வைக்கல் திண்டு பால் தருதே, நாம திண்டா என்ன?" எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் அந்த ஒரு கேள்விக்கு விடை சொல்ல எனக்கு முழுப் பாடவேளையும் தேவைப்பட்டது.

அரிசியில் இருப்பது மாப்பொருள். வைக்கோலின் பெரும்பங்கு செலுலோசு. இரண்டையும் முழுதாக உடைத்தால் கிடைப்பது குளுக்கோசு மட்டுமே. ஒரே செடி, ஒரே இலையில் தயாரித்த ஒரே வெல்லத்தை எடுத்து மணியில் ஒன்றையும் தண்டில் இன்னொன்றையும் கட்டியிருக்கிறது. வேறுபாடு எங்கே? குளுக்கோசு வளையத்தில் முதலாம் காபனில் உள்ள ஐதரொட்சில் கூட்டம் வளையத்தின் தளத்துக்குக் கீழே இருந்தால் அல்பா, மேலே இருந்தால் பீற்றா. அவ்வளவுதான்.

இதைப் படமாக வரையுங்கள். வாசித்தால் மட்டும் போதாது. ஐந்து அறுகோணத்தை வரிசையாக வரைந்து, எல்லாவற்றையும் ஒரே பக்கம் பார்க்கவைத்து இணைத்தால் அது மாப்பொருளின் சங்கிலி. உண்மையில் இந்தச் சங்கிலி நேராக நிற்காது, சுருண்டு சுருளாகும். இன்னொரு ஐந்து அறுகோணத்தை வரைந்து, ஒன்றுவிட்டு ஒன்றைத் தலைகீழாக்கி இணையுங்கள். அது செலுலோசு. தலைகீழாய் மாறி மாறி வருவதால் சங்கிலி நீட்டி நிமிர்ந்து நிற்கும். பக்கத்துச் சங்கிலிகளோடு ஐதரசன் பிணைப்புகளால் இறுகிக் கயிறுபோல நாராகும். தாவரத்தின் கலச்சுவர் இதனால்தான் உறுதியாக நிற்கிறது.

நமது உமிழ்நீரிலும் சதையச் சாற்றிலும் உள்ள அமைலேசு அல்பா பிணைப்புக்குப் பொருந்தும் வடிவம் கொண்டது. செலுலோசின் பீற்றா பிணைப்பை உடைக்கும் நொதியம் நம்மிடம் இல்லை. மாட்டிடமும் இல்லை! மாட்டின் முதல் இரைப்பையில் குடியிருக்கும் நுண்ணங்கிகள்தான் செலுலேசைச் சுரந்து வைக்கோலை உடைக்கின்றன. ஆகவே அந்தத் தங்கச்சிக்கான விடை: நாம் வைக்கோலைத் தின்றால் அது பெரும்பாலும் உள்ளே போனபடியே வெளியே வரும். மாடு தின்றால் நுண்ணங்கிகளின் உதவியோடு அது பாலாகும், பிறகு நம் தட்டில் தயிராகும். நெல்லின் மணி நமக்கு நேராக வருகிறது, தண்டு எருமை வழியாகச் சுற்றி வருகிறது.

இது விளங்கிவிட்டால் மீதிப் பல்சக்கரைட்டுகள் விரைவில் அடங்கும். மாப்பொருளில் கிளையில்லாத பகுதி அமைலோசு, கிளையுள்ளது அமைலோபெக்ரின். விலங்குகளின் சேமிப்பான கிளைக்கோசன் அமைலோபெக்ரினைவிட அதிகமாகக் கிளைத்தது. ஈரலிலும் தசையிலும் இருக்கும். கிளை கூடினால் முனைகளும் கூடும்; நொதியங்கள் பல முனைகளில் ஒரே நேரத்தில் வேலை செய்து குளுக்கோசை விரைவாக விடுவிக்கலாம். மாமாங்கக் கோயில் தீர்த்தம் முடிந்து சனம் கலையும்போது, தெருக்கள் பல இருந்தால் எவ்வளவு கெதியாகக் கலையும் என்று யோசித்துப் பாருங்கள். ஓடித்திரியும் விலங்குக்கு அந்த அவசரம் உண்டு, நின்ற இடத்தில் நிற்கும் செடிக்கு இல்லை.

வாவி நண்டின் ஓட்டிலும் இறால் தோலிலும் இருப்பது கைற்றின். செலுலோசு போலவே பீற்றா பிணைப்புத்தான், ஆனால் இதன் அலகில் நைதரசன் சேர்ந்திருக்கும். பூஞ்சைகளின் கலச்சுவரிலும் கைற்றின் உண்டு என்பதைச் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: குசினியில் அயடீன்

பாமசி அயடீனைச் சிறு கோப்பையில் தண்ணீர் விட்டு, பிளேன்ரீ நிறம் வரும்வரை ஐதாக்குங்கள். மாப்பொருள் உள்ள இடத்தில் ஒரு துளி விட்டால் கருநீலமாகும். அமைலோசுச் சுருளின் உள்ளே அயடீன் போய் அமர்வதால் வரும் நிறம் அது. சுருள் இல்லாத செலுலோசு அந்த நிறத்தைத் தராது.

முதலில் வாழைப்பழம். ஒரு பச்சைக்காய், ஒரு செங்காய், நன்கு கனிந்த பழம் ஒன்று. மூன்றையும் வட்டமாக வெட்டி ஒவ்வொரு துளி விடுங்கள். காய் கருத்துப்போகும், பழத்தில் நிறம் மங்கலாகவே வரும். பழுக்கும்போது மாப்பொருள் வெல்லமாக உடைகிறது என்ற வரியை நீங்கள் இனி பாடமாக்கத் தேவையில்லை.

அடுத்தது கஞ்சித் தண்ணீர். நன்றாக ஆறவிடுங்கள். சூடாக இருந்தால் சுருள் தளர்ந்து நிறம் வராது. பரிசோதனை பிழைத்துவிட்டது என்று பலர் கைவிடுவது இதனால்தான். ஆறிய கஞ்சியை மூன்று கோப்பையில் சமமாக விடுங்கள். முதலாவதில் ஒன்றும் சேர்க்க வேண்டாம். இரண்டாவதில் சிறிது உமிழ்நீர். மூன்றாவதில் கொதிக்கவைத்து ஆறவிட்ட உமிழ்நீர். இருபது நிமிடம் அப்படியே வைத்துவிட்டு மூன்றிலும் அயடீன் விடுங்கள். இரண்டாவது கோப்பையில் மட்டும் கருநீலம் குறைந்திருக்கும் அல்லது வராமலே இருக்கும். மட்டக்களப்பு வெக்கையில் இதற்குச் சூடேற்றவே தேவையில்லை. மூன்றாவது கோப்பை ஏன் தேவை என்பதை ஒரு வசனத்தில் எழுதிப் பாருங்கள். கட்டுப்பாட்டுப் பரிசோதனை பற்றிய வினாவுக்கு அதுவே விடை. அயடீன் பட்ட எதையும் வாயில் வைக்காமல் கொட்டிவிடுங்கள்.

ஐந்தாம் படி: பெனடிக்ற், பாடசாலை ஆய்வுகூடத்தில்

இதையும் பின்னால் வரும், புரதத்துக்கான பையூரேற்றுச் சோதனையையும் வீட்டில் முயல வேண்டாம். அமிலமும் காரமும் கண்ணில் தெறித்தால் ஆபத்து. ஆசிரியர் இருக்கும்போது செய்யுங்கள்.

மாதிரிக் கரைசலையும் பெனடிக்ற் கரைசலையும் சம கனவளவில் சோதனைக்குழாயில் எடுத்து, கொதிநீர் உள்ள முகவைக்குள் சில நிமிடம் நிறுத்துங்கள். சோதனைக்குழாயைச் சுடரில் நேராகப் பிடித்தால் உள்ளே உள்ளது பீறிட்டு வெளியே வரும். தாழ்த்தும் வெல்லம் (செப்பு அயனுக்கு இலத்திரன் கொடுக்கக்கூடிய வெல்லம்) இருந்தால் நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, செம்மஞ்சளாகி, செங்கட்டிச் சிவப்பில் முடியும். வெல்லம் குறைவென்றால் பச்சையிலேயே நின்றுவிடலாம். அதுவும் நேர் விடைதான். நீலச் செப்பு அயன்களை வெல்லம் தாழ்த்துவதால் உண்டாகும் செப்பு ஒட்சைட்டுத்தான் அந்த வீழ்படிவு.

தேன் சிவக்கும். பாலும் நிறம் மாறும், இலக்ரோசு தாழ்த்தும் வெல்லம் என்பதால். சீனிக் கரைசல் மட்டும் நீலமாகவே நிற்கும். குளுக்கோசுக்கும் பிரக்ரோசுக்கும் தனித்தனியே தாழ்த்தும் முனை உண்டு. ஆனால் சுக்குரோசில் அந்த இரண்டு முனைகளும் ஒன்றையொன்று பிடித்து, பிணைப்புக்குள்ளேயே பூட்டுண்டு கிடக்கின்றன. செப்பைத் தாழ்த்த வெறுங்கை ஒன்றும் மிச்சமில்லை. பூட்டைத் திறக்க, சீனிக் கரைசலில் ஐதான ஐதரோக்குளோரிக் அமிலம் சேர்த்துக் கொதிக்கவையுங்கள். நீர்ப்பகுப்பு நடக்கும். ஆறவிட்டு, நுரைப்பது நிற்கும்வரை சோடியம் இருகாபனேற்றைச் சேர்த்து அமிலத்தை நடுநிலையாக்குங்கள். பிறகு பெனடிக்ற் சேர்த்துச் சூடாக்கினால் சிவக்கும். நடுநிலையாக்கலை மறந்தால் நிறம் வராது, ஏனென்றால் பெனடிக்ற் கார ஊடகத்தில்தான் வேலை செய்யும். முதன்முதலில் அந்த நீலம் சிவந்ததைக் கண்ட நாளில்தான் என் பழைய விடைத்தாளின் பிழை எனக்கு முழுதாக விளங்கியது.

ஆறாம் படி: தேங்காய் எண்ணெய் போத்தல்

கொழுப்பும் எண்ணெயும் அடங்கும் இலிப்பிட்டில் ஒரு கிளிசரோலும் மூன்று கொழுப்பமிலங்களும் இணைந்தால் முக்கிளிசரைட்டு. வெளியேறும் நீர் மூன்று, பிணைப்பின் பெயர் எசுத்தர். இங்கே சங்கிலியாகத் தொடரும் அலகு இல்லாததால் இலிப்பிட்டு பல்பகுதியம் ஆகாது. காபோவைதரேற்று, இலிப்பிட்டு, புரதம், நியூக்கிளிக் அமிலம் என்ற நான்கு கூட்டங்களில் இந்த ஒன்றுதான் அப்படி.

நிரம்பிய கொழுப்பு (காபன் சங்கிலியில் இரட்டைப் பிணைப்பு இல்லாதது) திண்மம், நிரம்பாதது (இரட்டைப் பிணைப்பு உள்ளது) திரவம் என்று குறிப்புகளில் இருக்கும். நம் வீட்டுத் தேங்காய் எண்ணெயை அதற்குள் அடக்கிப் பாருங்கள். அதன் கொழுப்பமிலங்களில் ஏறத்தாழ 90 சதவீதம் நிரம்பியவை. ஆனாலும் மட்டக்களப்பில் அது எண்ணெயாகவே ஓடுகிறது. அதே போத்தலை நுவரெலியாவுக்குக் கொண்டுபோனால் வெள்ளையாக உறைந்துவிடும். தேங்காய் எண்ணெய் உருகுவது ஏறத்தாழ 24 பாகை செல்சியசில். நம் ஊர் அதைவிடச் சூடு. உருகுநிலை இவ்வளவு தாழ்வாக இருக்கக் காரணம் சங்கிலியின் நீளம். அதில் பாதியளவு 12 காபன் கொண்ட லோரிக் அமிலம். மாட்டுக் கொழுப்பில் அதிகமாக இருப்பவை 16, 18 காபன் கொண்டவை. ஆக, இரட்டைப் பிணைப்பின் எண்ணிக்கை, சங்கிலியின் நீளம், அறையின் வெப்பநிலை மூன்றையும் சேர்த்தே பேச வேண்டும். மீன் எண்ணெய் குளிரிலும் உறையாமல் இருப்பது இரட்டைப் பிணைப்புகளால் சங்கிலி வளைந்து, நெருங்கி அடுக்க முடியாமல் போவதால்.

சோதனைக்கு, வறுத்த கச்சானை வெள்ளைத் தாளில் அழுத்தித் தேய்த்து வெளிச்சத்தில் பிடித்தாலே போதும். ஒளி ஊடுருவும் கறை காயாமல் நிற்கும். ஆய்வுகூடத்தில் சூடான் III சேர்த்தால் கொழுப்புத் துளிகள் சிவப்பாகும். சக்தியையும் குறித்துக்கொள்ளுங்கள்: ஒரு கிராம் காபோவைதரேற்று ஏறத்தாழ 17 கிலோயூல், ஒரு கிராம் கொழுப்பு ஏறத்தாழ 38.

ஏழாம் படி: முட்டையும் தயிரும்

புரதத்தின் அலகு அமினோ அமிலம், 20 வகை. இரண்டு சேர்ந்தால் ஒரு நீர் வெளியேறிப் பெப்ரைட்டுப் பிணைப்பு உண்டாகும். முதலாம் படியின் கணக்கை இங்கே கொண்டுவாருங்கள். பிரடெரிக் சாங்கர் அமினோ அமில ஒழுங்கைக் கண்டறிந்து 1958இல் நோபல் பரிசு பெற்ற புரதம் இன்சுலின். அதில் 51 அமினோ அமிலங்கள். பெப்ரைட்டுப் பிணைப்பு எத்தனை? 50 என்று எழுதக் கை துடிக்கும். இன்சுலின் இரண்டு சங்கிலி: ஒன்றில் 21, மற்றதில் 30. ஆகவே 20உம் 29உம், மொத்தம் 49. ஈமோகுளோபினில் சங்கிலி நான்கு, அமினோ அமிலம் 574, விடை 570.

முட்டையை அவித்தால் வெள்ளைக்கரு இறுகும். வெப்பத்தால் மடிப்புகள் குலைகின்றன, பெப்ரைட்டுப் பிணைப்புகள் உடைவதில்லை. அதனால் அவித்த முட்டையும் பையூரேற்றுச் சோதனைக்கு ஊதா நிறம் தரும். சோதனை எளிது: மாதிரிக்குச் சம அளவு சோடியம் ஐதரொட்சைட்டு, பிறகு ஐதான செப்புச் சல்பேற்று ஓரிரு துளி. சூடாக்கத் தேவையில்லை. பெப்ரைட்டுப் பிணைப்பே இல்லாத தனி அமினோ அமிலக் கரைசல் இதற்கு ஊதாவாகாது.

சட்டித் தயிரில் நடப்பது வேறு. பாலுக்கு உறை ஊற்றியதும் பற்றீரியா இலக்ரோசை இலக்ரிக் அமிலமாக்குகிறது. அமிலம் கூடக்கூட, ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மிதந்த கேசின் புரதத்தின் ஏற்றம் நடுநிலையாகி, அவை ஒட்டி உறைகின்றன. காபோவைதரேற்றில் வந்த மாற்றம் புரதத்தை உறையவைக்கிறது. இரண்டு பாடமும் ஒரே சட்டிக்குள்.

எட்டாம் படி: நியூக்கிளிக் அமிலம்

இதை இப்போது சுருக்கமாகவே படியுங்கள். மரபியல் வரும்போது விரிவாகத் திரும்புவீர்கள். ஐந்து காபன் வெல்லம், நைதரசன் கொண்ட மூலம் (அடினின், தைமின், குவானின், சைற்றோசின் போன்றது), பொசுபேற்று மூன்றும் சேர்ந்தது நியூக்கிளியோரைட்டு. டி.என்.ஏ.யில் அடினினுக்கும் தைமினுக்கும் இடையே இரண்டு ஐதரசன் பிணைப்பு, குவானினுக்கும் சைற்றோசினுக்கும் இடையே மூன்று. ஆர்.என்.ஏ.யில் தைமினுக்குப் பதில் யுராசில். ஈரிழை டி.என்.ஏ.யில் அடினின் 30 சதவீதம் என்றால் குவானின் 20 என்று சட்டென்று சொல்லப் பழகினால் இப்போதைக்குப் போதும்.

ஒன்பதாம் படி: மத்தியானத் தட்டு

கடந்தகால வினாத்தாளை எடுப்பதற்கு முன் இதைச் செய்யுங்கள். ஒரு நாள் மத்தியானம் சாப்பிட உட்காரும்போது தட்டைப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் நான்கு விடயம் சொல்லுங்கள்: மூலக்கூறு எது, அலகு எது, பிணைப்பு எது, உங்கள் உடலில் அதை உடைப்பது எது. சோறு: மாப்பொருள், அல்பா குளுக்கோசு, கிளைக்கோசிடிக் பிணைப்பு (வெல்ல அலகுகளை இணைப்பது), அமைலேசு. மீன்: புரதம், அமினோ அமிலம், பெப்ரைட்டு, இரைப்பையில் தொடங்கி பெப்சின். குழம்பில் தேங்காய்ப்பால்: முக்கிளிசரைட்டு, கிளிசரோலும் கொழுப்பமிலமும், எசுத்தர், இலிப்பேசு. தயிர்: கேசினும், அமிலமாகாமல் மிஞ்சிய இலக்ரோசும். எங்கே தடக்குகிறதோ அந்தப் படிக்குத் திரும்பிப் போங்கள்.

சாப்பிட்டு முடிந்ததும், மென்று தட்டோரத்தில் ஒதுக்கிவைத்த முருங்கைக்காய்ச் சக்கையையும் விட்டுவிடாதீர்கள். அதில் மூலக்கூறு செலுலோசு, கூடவே மரத்தன்மை தரும் இலிக்னின். செலுலோசின் அலகு பீற்றா குளுக்கோசு, பிணைப்பு கிளைக்கோசிடிக். நான்காவது கேள்விக்கு மட்டும் கோடு போட்டு வெறுமையாக விட்டுவிட்டு, சக்கையைக் கொண்டுபோய் வளவில் கட்டியிருக்கும் மாட்டுக்குப் போடுங்கள்.